ஏழாம் பகுதி, பதினோராவது நிமிடம்

சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே
ஏசி லோக்கல் நின்றுபோன ஒரு மாலை.
என் தோளை இடித்து நின்ற பையனின் கைபேசியில்
ஃப்ரிட்ஜ் எபிசோட் ஓடிக்கொண்டிருந்தது.
அவன் பிறப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முந்தையது.

பார்க்காதவர்கள் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன்.
ஆறு மாதமாகத் தவணை கட்டாத சாட்டே
வசூல்காரன் படியேறும் சத்தம் கேட்டு
தவணையில் வாங்கிய அதே ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்துகொள்கிறான்.
நாலு மாடி ஏறியவனுக்கு நா வறண்டிருக்கிறது.
திறக்கிறான்.
உள்ளேயிருந்து ஒரு கை தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறது.
குடிக்கிறான். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறான்.
'கதவைச் சாத்துங்க, குளிர் போகுது.'
சாத்துகிறான்.
நன்றி வேறு சொல்கிறான்.

எழுதினால் இவ்வளவுதான்.

சாட்டேயாக நடித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.
அந்தக் கம்பெனி ஃப்ரிட்ஜை இப்போது காயலான் கடையிலும் காணோம்.
தவணை மட்டும் இருக்கிறது.
இன்றைக்கும் ரயில் வாசலை யாராவது மறித்து நின்றால்
கூட்டத்தின் அடியிலிருந்து ஒரு குரல்,
குளிர் போகுது.
முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
எழுத்து என்கிறார்கள், டைமிங் என்கிறார்கள்.
நான் வேறொன்று நினைக்கிறேன்,
ஆனால் நான் நடுநிலையானவன் இல்லை.

கோரேகாவ் ஸ்டுடியோவில்
கர்னிக் சாரிடம் கேபிள் சுருட்டும் வேலை எனக்கு.
சிரிக்க ஆள் வேண்டும் என்றார்.
தாராவி தொண்ணூறடி ரோட்டில் முப்பது பேரைத் திரட்டி
டெம்போவில் ஏற்றினேன்.
தலைக்கு இருபது ரூபாய், ஒரு வடாபாவ், கட்டிங் சாய்.
'கூலிக்கு மாரடிச்சவளக் கண்டிருக்கேன்,
கூலிக்குச் சிரிக்கவுமா ஆள் புடிக்கிய?'
கேட்டுக்கொண்டே ஏறினாள் பாக்கியத்தாய்.
நாங்குநேரியிலிருந்து வந்து இரண்டு மாதம்.
அவளிடம் இருந்த இந்தி
கித்னா, நஹி.

பக்கத்தில் மரியபுஷ்பம் உட்கார்ந்து
காதோடு சொல்வதாக ஏற்பாடு.
கை நீண்டது, கதவு சாத்தியது,
முப்பது பேரும் சிரித்து ஓய்ந்தார்கள்.
அமைதி மைக்கைத் தொட்ட இடத்தில்
ஒற்றைச் சிரிப்பு.
அரை நொடி பிந்தி.
வெண்கலக் குடத்தைத் தரையில் வைத்ததுபோலத் தொடங்கி
மூக்கில் போய் முடிகிற சிரிப்பு.

கர்னிக் சார் ஹெட்ஃபோனைக் கழற்றி
முதலில் என்னைத்தான் பார்த்தார்.
வெட்டப் போனால்
வசூல்காரன் சொன்ன நன்றி அதன்மேலேயே விழுந்திருந்தது.
இது போனால் அதுவும் போகும்.
கிடக்கட்டும் என்றார்.
முப்பது வருடத்துக்கும் மேலாகக் கிடக்கிறது.

பல வருடம் கழித்து ரேஷன் வரிசையில்
மரியபுஷ்பத்தைப் பார்த்தபோது கேட்டேன்,
அன்றைக்கு அவள் காதில் என்ன சொன்னாய்?
'எனக்கு மட்டும் அவன் பேசுனது வெளங்குச்சாக்கும்.
வாய்க்கு வந்ததச் சொன்னேன்.'
அதுதான் என்ன?
'யாருக்கு நெனப்பிருக்கு.'
பாக்கியத்தாய் எங்கே?
சாலை இடித்தபோது மகனோடு வாஷிப் பக்கம் போனவள்,
அதற்கப்புறம் தெரியாது.
மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பலகை வைத்தார்கள்.
கலைந்துபோனோம்.

பையன் பார்த்துக்கொண்டிருந்தான்.
கை நீண்டபோது அவன் சிரிக்கவில்லை.
கதவு சாத்தியபோது உதடு மட்டும் அசைந்தது.
எல்லோரும் ஓய்ந்த பிறகு வந்த அந்த ஒன்றுக்குத்
தோள் குலுங்கச் சிரித்தான்.
விரலால் பின்னுக்குத் தள்ளி
மறுபடி வைத்தான்.

இந்தி வசனம் இல்லை,
மரியபுஷ்பத்தின் ஞாபகத்திலும் இல்லை,
வேறேதோ ஒரு வேடிக்கைக்கு
அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குர்லா வந்திருக்கிறது.
எட்டிப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டேன் போலும்,
கதவு பாதி வந்து திரும்பியது.
பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்,
குளிர் போகுது.
பெட்டியே சிரித்தது.
எனக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது,
பிளாட்பாரத்தில் இறங்கிய பிறகு,
தனியாக, சத்தமாக.